நான்கு மணி நேரத்துக்கு ஒன்று

அக்டோபர் 28

போலீஸ் வேலையில் இருந்த முப்பத்தொரு வருஷமும் தினம் டைரி எழுதியிருக்கிறேன். எத்தனை மணிக்கு ரோந்து, யாரைப் பிடித்தோம், யார் சாட்சி. ரிட்டயர் ஆன பிறகு எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். இன்று மறுபடி ஆரம்பிக்கிறேன். டாக்டர்கள் சொல்வது எதுவும் மனதில் நிற்க மாட்டேன் என்கிறது.

என் மனைவி உலகம்மாளுக்குக் கணையத்தில் கட்டி. திருநெல்வேலி டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, பெரிய ரத்தக் குழாயைக் கட்டி சுற்றிக்கொண்டுவிட்டது, ஆபரேஷன் செய்ய முடியாது என்றார். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, "ஆறு மாசம். மேல போனா..." என்று நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் அவளிடம் வயிற்றுப் புண் என்று சொன்னேன். சங்கரன்கோவில் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "புத்துநோய்னு சொல்லுங்க. அந்தக் கட்டிடத்து வாசல்லயே பெருசா எழுதிப் போட்டிருக்கான். எனக்குப் படிக்கத் தெரியும்லா" என்றாள்.

புளியங்குடியில் இறங்கும்போது மழை. குடை எடுத்துப் போகவில்லை.

நவம்பர் 3

கேஸ் சிலிண்டர் வந்தது. மோட்டாரில் ஏதோ கோளாறு, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

உலகம்மாளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. வலி வயிற்றில் கிளம்பி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிறது என்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் கட்டிலில் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் கவிழ்ந்து சாய்ந்துகொள்கிறாள். அப்படியே தூங்குகிறாள்.

நவம்பர் 9

சாதாரண வலி மாத்திரை கேட்கவில்லை என்றதும் வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது ஒரு மயக்க மருந்து டாக்டர். பெயர் ரஹ்மத் நிஷா. ஆபரேஷன் தியேட்டரில் மூக்கில் மாஸ்க் வைக்கிறவர்களுக்கு வெளியே என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. அந்தம்மாவே சொன்னார்: "வலி தெரியாம பண்றதுதானே எங்க படிப்பே சார். முன்னாடி ஆபரேஷன் நடக்கிற ரெண்டு மணி நேரத்துக்குப் பண்ணோம். இப்போ வீட்டுல இருக்கிறவங்களுக்கும் பண்றோம்."

மார்ஃபின் எழுதினார்.

அந்தப் பெயர் எனக்குப் புதிதில்லை. கடைசிப் பதினோரு வருஷம் மதுவிலக்கிலும் போதைப்பொருள் தடுப்புப் பிரிவிலும் இருந்தவன் நான். அபினில் இருந்து எடுப்பது. இதற்காக ஆட்களை உள்ளே தள்ளியிருக்கிறேன். இப்போது ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு என் கையாலேயே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. இரவு பத்துக்கு மட்டும் இரண்டு, இடையில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. வலி வந்த பிறகு கொடுக்கக் கூடாது, வருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். மலச்சிக்கலுக்கு ஒரு சிரப். ஒவ்வொரு தடவை கொடுத்ததும் கார்டில் டிக் போட வேண்டும்.

"பழகிராதா?" என்று கேட்டேன்.

"வலி இருக்கிற உடம்புல இது வலியோட மல்லுக்கட்டவே சரியாப் போயிடும் சார். பயப்படாம கொடுங்க."

தலையாட்டினேன். எத்தனை பேர் எனக்கு இப்படிச் சொல்லியிருக்கிறார்கள், சும்மா ஒரு வலிக்குத்தான் சார் ஆரம்பிச்சேன் என்று.

நவம்பர் 10

காலை 6: ஒன்று.
மதியம் 2: ஒன்று.
இரவு 10: ஒன்று.

எடுத்த எடுப்பில் ஆறு வேண்டாம். உலகம்மாள் தாங்கக்கூடியவள். மகள் கோமதி பிறந்தபோது சத்தமே போடவில்லை என்று நர்ஸ் வந்து சொன்னாள். கார்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டேன், இல்லையென்றால் அங்கே போய்ப் பதில் சொல்ல வேண்டும். மிச்சத்தைப் பீரோ லாக்கரில் வைத்திருக்கிறேன். பின்னால் வலி கூடும்போது உதவும்.

காலை பத்து மணிக்கு, மணி என்ன என்று கேட்டாள். பதினொன்றுக்கும் கேட்டாள். பன்னிரண்டேகாலுக்கும் கேட்டாள்.

நவம்பர் 15

மோட்டார் சரியானது. இட்லி மாவு கடையில் வாங்கினேன். அரை இட்லி சாப்பிட்டாள்.

கூடத்துக் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னாள். போட்டுக்கொடுத்தேன்.

நவம்பர் 20

பக்கத்து வீட்டு சரோஜா பார்க்க வந்தது. போகும்போது வாசலில் நின்று, "அண்ணாச்சி, அக்கா உதட்டப் பாத்தீங்களா? கடிச்சுக் கடிச்சுப் புண்ணாயிருக்கு" என்றது. வெயிலுக்கு வெடித்திருக்கும் என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

நவம்பர் 22

காலை பதினொன்றுக்கு உலகம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, ஒண்ணு தாங்களேன். ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன்.

இதைக் காகிதத்தில் எழுதிவிடுவது நல்லது. தொண்ணூற்றெட்டில் ஒரு லாரி டிரைவரைப் பொட்டலத்தோடு பிடித்தோம். நாற்பது வயது இருக்கும், நல்ல ஆகிருதி. லாக்கப்பில் இரண்டாம் நாள் அவனுக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. மூக்கு ஒழுகியது, வாந்தி. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஒண்ணே ஒண்ணு தாங்கய்யா" என்று காலையில் இருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தான். நாங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டோம். மூன்றாம் நாள் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் அவன் என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை.

உலகம்மாள் அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது. பதிமூன்று நாளிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டாள். நான் பயந்தது சரிதான்.

நவம்பர் 24

திருநெல்வேலி போய் வந்தோம். கார்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "எல்லா வேளையும் ஒழுங்கா கொடுத்திருக்கீங்க. நல்லது" என்றார். உலகம்மாளிடம், "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டார்.

"எட்டு இருக்கும்" என்றாள்.

"மாத்திரை போட்ட பிறகுமா?"

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். "போட்டா ஒரு ரெண்டு மணி நேரம் நல்லாயிருக்கு டாக்டரம்மா" என்றாள்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அளவை இரண்டு மடங்கு ஆக்கினார். இனி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.

நான் வாய் திறக்கவில்லை. ஜெபராணி என்ற நர்ஸ் மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள். சின்ன உருவம், கண்ணாடி போட்டவள். சிரப் இன்னும் பாதி இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டாள்.

நவம்பர் 25

நான்கு கொடுத்தேன். முன்னால் மூன்று, இப்போது நான்கு. கூட்டித்தான் இருக்கிறேன்.

டிசம்பர் 2

கோமதி ஓசூரில் இருந்து போன் செய்தாள். அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். உலகம்மாள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். குரலைக் கேட்டால் பிள்ளை கண்டுபிடித்துவிடும் என்றாள். அம்மா தூங்குகிறாள் என்று சொன்னேன்.

"எப்பப் பாத்தாலும் தூங்குதாப்பா? அப்ப மருந்து நல்லா வேலை செய்யுதுல்லா?"

"செய்யுது."

டிசம்பர் 5

மழை. துணி காயவில்லை. அவளுடைய நைட்டிகளை மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டிப் போட்டேன். ஜாக்கெட் எல்லாம் தோளில் இருந்து நழுவுகிறது.

டிசம்பர் 8

வலி இன்னும் எட்டு என்றதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரைக்கு அடங்காத வலி என்றால் வேறு வழி பார்க்கலாம் என்றார்.

வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் நரம்புக் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். கணையத்தின் வலி அந்த வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. முதுகில் நீளமான மெல்லிய ஊசியை விட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, அந்த நரம்புகளில் மருந்து விட்டு மரத்துப்போகச் செய்வார்களாம். கட்டி அப்படியேதான் இருக்கும். வலி மட்டும் வந்து சேராது. சில மாதம் தாங்கலாம்.

"என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"ஆல்கஹால்."

"சாராயமா?"

உலகம்மாள் சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தாள். "டாக்டரம்மா, இவங்க சாராய ஊறலைத் தேடி மலை மலையா அலைஞ்சு குடம் குடமா ஒடச்சவங்க. அதைக் கொண்டாந்து எம் முதுகுல ஊத்தப் போறீங்களா?"

டாக்டரம்மாவும் சிரித்தார். "இது சுத்தமானதும்மா. சார் கேஸ் போட முடியாது."

அவள் சிரித்து ஒன்றரை மாதம் இருக்கும்.

டிசம்பர் 13

வார்டில் சேர்த்தாகிவிட்டது. நாளை மறுநாள் ஊசி.

சாயங்காலம் நாலரைக்கு ஜெபராணி என்னை நடையில் இருக்கும் பெஞ்சுக்குக் கூப்பிட்டாள். அவள் கையில் கார்டு.

"சார், ஒண்ணு கேக்கணும். ஊசி போட்டதும் வலி டக்குனு நிக்கும். அப்ப இந்த மார்ஃபின் அளவ நாங்க குறைக்கணும். வலி இருக்கும்போது தாங்குற அளவு, வலி போன பிறகு தாங்காது. மூச்சு மந்தமாயிரும். அதனாலதான் கேக்கேன். இவங்க ஒரு நாளைக்குப் பன்னெண்டு மாத்திரை போடுதாங்களா?"

"கார்டுல இருக்கு பாருங்க."

"கார்டு பாத்துட்டேன். இவங்களுக்குத் தினமும் வெளிக்குச் சரியாப் போகுது. சிரப் தீரவே இல்ல. கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தேன், கண்பாப்பா நல்லா விரிஞ்சிருக்கு. பன்னெண்டு போடுற ஆளுக்கு ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "ஒருவேளை அந்தம்மா வேணாம்னு துப்பிருதாங்களோ, தெரியல. வீட்ல மிச்சம் எத்தனை இருக்கு சார்?"

எதிராளியின் வாயில் இருந்து வார்த்தை வரவழைக்கும் வேலையை நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். சத்தம் போடாமல் கேட்கிறவரிடம்தான் எல்லோரும் உண்மையைச் சொல்வார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு ராத்திரி கார்டுல இருக்குறத நம்பி, வார்டு நர்ஸ் மொத்தமா கொடுத்துருவாங்க சார். நாலு மாத்திரை ஒரே வேளைக்கு. உடம்பு பழகாம இருந்தா..." அவள் முடிக்கவில்லை.

"நூத்தித் தொண்ணூத்தி நாலு" என்றேன்.

"என்ன சார்?"

"மிச்சம். பீரோ லாக்கர்ல இருக்கு. அவ துப்பல. நான் கொடுக்கல."

ஜெபராணி கார்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டங்களை விரலால் எண்ணினாள். முப்பத்து மூன்று நாள். அவள் அதைத்தான் கணக்குப் போட்டிருப்பாள்.

டாக்டரம்மா வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "இன்னிக்காவது சொன்னீங்களே" என்றார். பிறகு, "தப்பு எங்க மேலயும் இருக்கு சார். கார்டைப் பார்த்தேன், உங்க முகத்தைப் பார்க்கலை" என்றார்.

டிசம்பர் 14

நேற்று மாலை ஆறு மணியில் இருந்து பழைய அளவில், நேரம் தவறாமல், வார்டில் அவர்களே கொடுக்கிறார்கள். கார்டு என்னிடம் இல்லை.

மதியம் இரண்டேகாலுக்கு உலகம்மாள் தூங்கினாள். படுத்துத் தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கையை வயிற்றில் இருந்து எடுத்துக் கீழே போட்டிருந்தாள்.

இந்த அளவுதான் நவம்பர் ஒன்பதாம் தேதி எழுதிக் கொடுத்தது.

இனி அந்த ஊசி தேவையா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். தேவைதான், வலி இன்னும் கூடும், இப்போது போட்டால் மாத்திரையும் குறையும் என்றார். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நான் கூசிப் போனேன்.

டிசம்பர் 15

காலை 9.40க்கு உள்ளே கொண்டுபோனார்கள். 10.50க்கு வெளியே வந்தாள். பிரஷர் இறங்கிவிட்டது என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றினார்கள். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள்.

கண்ணைத் திறந்ததும், "பசிக்கு" என்றாள்.

ஓடிப் போய்க் கேன்டீனில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வாங்கி வந்தேன். ரவா கிச்சடி. நான்கு வாய் சாப்பிட்டாள்.

டிசம்பர் 18

வீட்டுக்கு வந்துவிட்டோம். உலகம்மாள் வீடு முழுக்க நடந்து, அடுப்படி மேடையைத் தடவிப் பார்த்து, "என்ன பிசுக்கு இது" என்றாள்.

மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மூன்று தடவை ஆரம்பித்து நிறுத்தினேன். "உலகு, அந்த மாத்திரைய நான்..."

"தெரியும்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கார்டுல ஆறு டிக்கு போடுதீங்க, வாயில மூணுதான வருது. இருபத்தெட்டு வருசம் அங்கன்வாடியில பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிக் கொடுத்தவ நான். ஆறுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"டாக்டரம்மாட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? அத்தனை பேரு முன்னால எம் புருசன் தரமாட்டேங்காருன்னா?" தலையணை உறையின் ஓரத்தை நீவி நீவி மடித்தாள். "நீங்க எதுக்குப் பயந்தீங்கன்னும் தெரியும். லாக்கப்புல அந்த ஆளு கத்துனத அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொல்லிட்டு, ரெண்டு நாளு சாப்பிடாமக் கெடந்தீங்க."

நான் புரோட்டா சாப்பிட்டதுதான் எனக்கு நினைவில் இருக்கிறது. சாப்பிடாமல் கிடந்தது நினைவில் இல்லை.

அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுக்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து, கோபமில்லாமல், சேதி சொல்வதைப் போலச் சொன்னாள்:

"வலிச்சது."

டிசம்பர் 29

சொதி வைத்தாள். உட்கார்ந்துகொண்டு அவளே தேங்காய்ப்பால் பிழிந்தாள், நான் காய் நறுக்கினேன். முருங்கைக்காயை நீளம் நீளமாக நறுக்கிவிட்டேன் என்று திட்டினாள். இரண்டு கரண்டி சோறு.

நாள் முழுவதற்கும் மூன்று மாத்திரைதான் இப்போது. எழுதியது மூன்று, கொடுத்தது மூன்று.

ஜனவரி 7

கோமதியோடு போனில் முக்கால் மணி நேரம் பேசினாள். யார் வீட்டுச் சண்டையோ, என்னவோ. அடுத்த அறையில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 15

பொங்கல். அங்கன்வாடிக்குப் போக வேண்டும் என்றாள். ஆட்டோவில் கூட்டிப் போனேன். லீவு, பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துவிட்டு, சுவரில் புதிதாக அணில் படம் வரைந்திருக்கிறார்கள் என்றாள்.

ஜனவரி 30

கண் மஞ்சளாக இருக்கிறது. வெளிச்சம் சரியில்லையோ என்று வாசலுக்குக் கூட்டி வந்து பார்த்தேன். மஞ்சள்தான்.

பிப்ரவரி 4

வலி திரும்பிவிட்டது. இந்தத் தடவை வலது விலாவுக்குக் கீழே. ஈரலுக்குப் பரவியிருக்கிறது. இந்த வலி அந்த நரம்பு வழியாக வருவதில்லை, இன்னொரு ஊசி போட உடம்பும் தாங்காது என்றார் டாக்டரம்மா. "வலியைப் பாத்துக்கலாம் சார். மத்ததை..." என்று கையை விரித்தார்.

மாத்திரையைக் கூட்டினார்கள். நேரம் தவறாமல் கொடுக்கிறேன். ஐந்து நிமிஷம்கூடத் தவறுவதில்லை. அலாரம் வைத்திருக்கிறேன். கொடுத்தால் வலி அடங்குகிறது. அவள் மட்டும் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே போகிறாள். அதற்கு அட்டவணை ஏதும் இல்லை.

பிப்ரவரி 12

விழுங்க முடியவில்லை. ஜெபராணி வீட்டுக்கு வந்தாள். தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்ன ஊசியைச் செருகி பிளாஸ்திரி ஒட்டினாள். இனி ஒவ்வொரு தடவையும் குத்த வேண்டாம், அதன் குழாயில் மருந்தை மெதுவாக ஏற்றினால் போதும். நான்தான் ஏற்ற வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீரை வைத்துப் பழக்கினாள். சிரிஞ்சு குழாயில் பொருந்தாமல் இரண்டு தடவை தண்ணீர் கொட்டியது. துப்பாக்கி பிடித்த கை.

"வேணும்னா சரோஜாக்காவுக்குச் சொல்லித் தரட்டுமா சார்?"

"வேண்டாம்" என்றேன். "நான் பண்ணுவேன்."

உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டே, "பண்ணுவாங்க" என்றாள்.

பிப்ரவரி 18

காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. எல்லாம் கொடுத்தது.

பெரும்பாலும் உறங்குகிறாள். விழிப்பு வரும்போது உதட்டைப் பஞ்சால் நனைக்கிறேன். சில சமயம் என்னைத் தன் அண்ணன் என்று நினைத்துப் பேசுகிறாள்.

வலியில்லை. முன்னால் எனக்கு வேண்டியிருந்தது அவள் பழகிவிடக் கூடாது என்பது. இப்போது வேண்டியிருப்பது, அவள் ஒரு பத்து நிமிஷம் விழித்து என்னைத் திட்ட வேண்டும் என்பது. இரண்டுமே என் ஆசைதான், அவளுடையது இல்லை.

பிப்ரவரி 21

கோமதி பதினொன்றரைக்கு வந்து சேர்வாள் என்று சொல்லியிருந்தேன். பத்து மணி மருந்தை எடுத்துக்கொண்டு போனபோது உலகம்மாள் தெளிவாகக் கண்ணைத் திறந்தாள்.

"இப்ப வேண்டாம்."

"நேரம் ஆயிட்டு, உலகு."

"புள்ள வருதுல்லா. போட்டா உறங்கிருவேன். பேசிட்டுப் போட்டுக்கிடுதேன்."

"வலிக்கும்."

"வலிக்கட்டும். நான்தான சொல்லுதேன்."

சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஜெபராணிக்குப் போன் போட்டேன். அவள் கேட்டுவிட்டு, "அவங்க கேட்டா தள்ளி வைக்கலாம் சார். அவங்க உடம்பு, அவங்கதான் சொல்லணும். பக்கத்துலயே இருங்க, கேட்ட உடனே போடுங்க" என்றாள்.

கோமதி வந்தாள். தாயும் மகளும் நாற்பது நிமிஷம் பேசினார்கள். நான் கதவுக்கு வெளியே சிரிஞ்சோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு தடவை சிரிப்புக்கூடக் கேட்டது. பிறகு உலகம்மாளின் குரல் தேய்ந்து, மூச்சு பெரிதாகி, "அப்பாவக் கூப்பிடு" என்றாள். அவள் உதடு பல்லுக்குள் இருந்தது.

12.25க்குப் போட்டேன். பத்து நிமிஷத்தில் முகம் தளர்ந்தது.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

பிப்ரவரி 24

காலை 11.20. வலியில்லாமல்.

மார்ச் 3

டைரியைத் திறந்தேன். எழுத ஒன்றும் இல்லை. ஆறு மணி அலாரத்தை எனக்கு நிறுத்தத் தெரியாததால் அது தினமும் அடித்துக்கொண்டிருந்தது. கோமதி நிறுத்திக் கொடுத்தாள்.

மார்ச் 11

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. ஜெபராணி வந்திருந்தாள். சாப்பிடச் சொன்னேன், சாப்பிட்டாள். மீதி மருந்துக் குப்பிகளை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 12

மதியம் பையில் துணியை அடுக்கிக்கொண்டே கோமதி கேட்டாள்: "ஏம்ப்பா, டிசம்பர்ல அம்மா ஏன் எங்கிட்டப் பேசவே மாட்டேன்னுச்சு? ஜனவரில மட்டும் அப்படிப் பேசுச்சு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். உலகம்மாள் அவளிடம் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. இனி சொல்ல வேறு யாரும் இல்லை. ஜெபராணி சொல்ல மாட்டாள்.

சொன்னேன். மூன்று, நான்கு, பீரோ லாக்கர், கார்டில் போட்ட டிக். என் சட்டையைப் பிடித்துக் கேட்டதையும், நான் கொல்லைக்குப் போனதையும் சொன்னேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த இடத்தில் கோமதி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "உங்களுக்கு வலிச்சிருந்தா அம்மா கொடுத்திருக்கும்" என்றாள்.

ஆமாம் என்றேன்.

நாலு மணிக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பஸ் ஏறும்போது என் கையில் இருந்து பையை வாங்கிக்கொண்டாள், விரல் படாமல். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்ப இருபது நிமிஷம் ஆனது. நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். கடலை விற்கிறவன் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனான். அவள் முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி துடைத்துக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தது. நான் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று நின்றேன். அப்போது அவள் திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் என் சட்டைப் பையைப் பார்த்துச் சொன்னாள்:

"பிரஷர் மாத்திரைய விட்ராம போடுங்க."

பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் நின்றேன். வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, விளக்குப் போட்டேன்.

இரவு 8.00: ஒன்று.